பத்தாவது குச்சி

‘ஏழு கணவாய்’ புத்தகத்தை, வெடிக்கவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர் ஒரு சேலத்துக்காரர். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. “மூன்று பேர் திரியைத் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை” என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அவர்மேல் குற்றமில்லை. 1987இல் சிவகாசியில் நாங்கள் அதை அச்சடித்தபோது அட்டைக்குத் தனியாகப் படம் வரைய நேரமில்லை. நான் வேலை பார்த்த லேபிள் அச்சகத்தில், ஒரு பட்டாசுக் கம்பெனி வேண்டாமென்று விட்டுப்போன புலிப் படம் சும்மா கிடந்தது. அதையே போட்டோம். ஐந்நூறு பிரதிகளில் பாதி நேராகப் பட்டாசுக் கடைகளுக்குப் போய்விட்டது. ஒன்றைக் கல்யாண ஊர்வலத்தில் பற்றவைத்ததாகவும் கேள்வி. எரிந்ததாம், சத்தம் வரவில்லையாம்.

அது விளையாட்டுப் புத்தகம். ஏழு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, ஒருவன் கதை சொல்ல மற்றவர்கள் அதற்குள் நடந்து போகிற ஆட்டம். கதை சொல்பவனுக்குக் கதைகாரன் என்று பெயர். அது நான். என் கூட்டாளி வேல்மயில், என்னைவிட நாலு வயது மூத்தவர், வேலண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கப்பலில் வேலை பார்த்த அவருடைய சித்தப்பா மகன் ஏதோ ஒரு துறைமுகத்தில் இந்த மாதிரி ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்திருந்தார். எங்களுக்குப் பாதி புரிந்தது. புரியாத பாதியை நாங்களே எழுதிக்கொண்டோம்.

அந்தப் புத்தகத்தில் இருபது முகமுள்ள பகடை கேட்டிருந்தார்கள். அதற்கு நாங்கள் எங்கே போவது. எங்கள் ஊரில் தீப்பெட்டி இருந்தது. ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்குப் பத்துக் குச்சி. பிறக்கும்போதே ஒரு குச்சி கருகியிருக்கும். ஆபத்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவ வேண்டும். நல்ல குச்சி என்றால் தப்பித்தான். கருகிய குச்சி என்றால் அடி. அடிபட்டவன் ஒரு நல்ல குச்சியை உரசி, அணைத்து, உள்ளேயே திரும்பப் போட வேண்டும். புத்தகத்தின் பின்னால் அவனவன் ஆளைப் பற்றி எழுதிவைக்கிற ஆள்தாளில் பென்சிலால் ஒரு கட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். பிறவியிலேயே கருகிய குச்சிக்கு முதல் கட்டத்தை ஆரம்பத்திலேயே கறுப்பாக்கிவிடுவான். பத்துக் கட்டமும் கறுத்தால் ஆள் செத்தான்.

இதெல்லாம் நான் எழுதிய விதிகள். ஒரே ஒரு விதியை வேலண்ணன் எழுதினார். ஆட்டத்துக்கு வராதவனின் ஆள் சத்திரத்தில் உறங்குகிறான். அவன் பெட்டியை யாரும் திறக்கக் கூடாது. அவன் இல்லாமல் அடுத்த கணவாயைக் கடக்கவும் கூடாது. அவன் திரும்பி வந்ததும், உறங்கிய நாளெல்லாம் நடந்ததைக் கதைகாரன் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். அப்போது மட்டும் கதைகாரன் பொய் சொல்லக் கூடாது.

இது நடந்து ஐம்பத்தாறு வருஷம் கழித்து அப்பாஸ் என்பவர் என்னைத் தேடி வந்தார். அச்சில் இல்லாத புத்தகங்களை மின்வடிவில் திரும்பக் கொண்டுவரும் ஒரு மதுரைப் பதிப்பகத்தில் வேலை. ஐம்பது வயதிருக்கும். சர்க்கரை இல்லாத காபியை வாங்கி, சர்க்கரையைத் தனியாகக் கேட்டு வாங்கி, வாயில் போட்டுக்கொள்கிற ஆள். எனக்கு உடனே பிடித்துப் போயிற்று.

“சுத்தமான காப்பி ஒண்ணுகூட எங்கயும் இல்ல அண்ணாச்சி. கிடைச்ச முப்பத்தேழுலயும் கிறுக்கியிருக்காங்க” என்றார்.

“கிறுக்காம அதை வெளையாட முடியாது தம்பி.”

“அதான் சங்கடம். எங்க மெஷின் அச்சைத் தனியா, பேனாவைத் தனியா, பென்சிலைத் தனியா பிரிச்சிரும். ரப்பர் வச்சு அழிச்ச பென்சில்கூட வரும். பிரிச்சுட்டு அச்சை மட்டும் எடுத்துக்கலாம்னு நெனச்சோம். ஆனா உங்க புத்தகத்தைப் படிச்சிட்டு, ஆள்தாள்ல எழுதினதும் புத்தகந்தான்னு அது முடிவு பண்ணிருச்சு.”

“நாங்க அப்படித்தானே எழுதியிருந்தோம். ‘நீ எழுதாதவரை இது புத்தகமில்லை’ன்னு முதல் பக்கத்துலயே இருக்குமே.”

“இருக்கு. அதை அது நம்பிருச்சு.”

மின்பதிப்பைத் திறந்தால் கதைகாரன் தேவையில்லை. அதுவே கதை சொல்லும். அது சொன்ன கதையில் ஒரு சத்திரம் வந்தது. சத்திரத்தில் நாற்பத்தொரு பேர் உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வராமல் போய், அப்புறம் வரவே முடியாமல் போனவர்களின் ஆட்கள். தொட்டு எழுப்பினால் பேசினார்கள். அவரவர் ஆள்தாளில் பயம், ஆசை, சபதம் என்று எழுதிவைத்திருந்ததையெல்லாம் கூட்டிப் பேசினார்கள். குரல் யாருடையதோ. பேச்சு அவர்களுடையது.

சோதனைக்காக நானூறு பேருக்குக் கொடுத்திருந்தார்கள். திருப்பூரில் ஒரு பெண், லாரியில் அடிபட்டுச் செத்த தன் தம்பி அந்தச் சத்திரத்து மூலையில் படுத்துக்கொண்டு தோசை கேட்டதைப் பார்த்து, சாப்பிடாமல் கிடந்தாள். அருப்புக்கோட்டைக்காரர் ஒருவர், தன் அப்பாவை உடனே அழிக்கச் சொன்னார்; எங்களை விட்டு ஓடிப்போன மனுஷன் இங்கே வந்து சொகுசாகத் தூங்குகிறாரா என்று கேட்டார். இதுகூடப் பரவாயில்லை. விஷயம் வெளியே தெரிந்ததும், எழுதப்படாத பழைய தாள்களை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, தங்கள் வீட்டில் இறந்தவர்களைப் புதுப் பென்சிலால் எழுதி அனுப்ப ஆரம்பித்தார்கள்.

“மெஷின் பென்சிலோட வயசைச் சொல்லிரும்” என்றார் அப்பாஸ். “ஒரு அம்மா, போன மாசம் இறந்த மகனை எழுதி, அழிச்சு, மறுபடி எழுதி, பழசாத் தெரியணும்னு வெயில்ல காய வச்சு அனுப்பியிருந்தாங்க.”

“என்ன செஞ்சீரு?”

“திருப்பி அனுப்பிட்டேன்.” சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டார். “அப்புறம் ரெண்டு நாள் ஆபீஸ் போகல.”

ஆகவே ஒரு ஒழுங்கு வைத்திருந்தார்கள். உறங்குகிறவர் உறங்கலாம், வாரிசு கையெழுத்துப் போட்டால். பத்துக் குச்சியும் கருகியவர் செத்தவர். அவர் புத்தகத்தில் வர மாட்டார், பேசவும் மாட்டார். நாற்பது பேர் விஷயம் தீர்ந்துவிட்டது. நாற்பத்தொன்றாவது ஆளுக்காகத்தான் அப்பாஸ் என்னிடம் வந்திருந்தார்.

கையகலத் திரையை என் முன் வைத்தார். வேலண்ணனின் எழுத்து. முன்பக்கம் சாய்ந்து, ஓடப் பார்க்கிற எழுத்து. ஆள்: செம்பன், கோவேறு கழுதை ஓட்டி. பயம்: மழை. ஆசை: ஏழாவது கணவாய்க்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. நம்பாதவர்: ‘கதைகாரன் தங்கமாரி. சொல்வதில் பாதி பொய். எந்தப் பாதி என்று கண்டுபிடிப்பதுதான் ஆட்டம்.’

தங்கமாரி நான்தான்.

“ஒம்பது கட்டம் அவரு கையாலயே கறுப்பாக்கியிருக்காரு” என்றார் அப்பாஸ். “பத்தாவதைப் பாருங்க. வெறும் கண்ணுக்கு ஒண்ணுமில்ல. அடுக்கைப் பிரிச்சா, யாரோ கறுப்படிச்சு, அப்புறம் யாரோ அழிச்சிருக்காங்க. கறுப்படிச்சது வேற கை. அழிச்சது யாருன்னு ரப்பரை வச்சுச் சொல்ல முடியாது. செம்பன் செத்தானா, தூங்குறானான்னு மெஷினுக்குத் தெரியல. அதனால…”

“அதனால?”

திரையைத் தொட்டார். சத்திரத்தின் இருட்டு. ஒரு குரல், அது வேலண்ணன் குரலே இல்லை, ஆனால் எங்கள் தெருவிலிருந்து பேசியது.

“யாரோ குச்சி உரசுன வாசம் அடிக்கு. யாருடே அது?”

அப்பாஸ் அணைத்துவிட்டார். “வேற எதுவும் பேச மாட்டேங்கிறாரு. நானூறு பேரும் எழுப்பிப் பாத்துட்டாங்க. எல்லாருகிட்டயும் இதே கேள்வி. ‘நான் இல்ல’ன்னா திரும்பப் படுத்துக்கிறாரு.”

நான் காபியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

“நீங்கதான் கதைகாரர். அந்தக் கறுப்பு விதிப்படி அடிச்சதா இல்லையான்னு எழுதிக் கொடுத்தாப் போதும். விதிப்படின்னா அவரை எடுத்துருவோம். இல்லன்னா தூங்கட்டும். ஆனா ‘இல்ல’ன்னா, யாரு, எதுக்கு அடிச்சாங்கன்னும் எழுதணும். வேல்மயில் வீட்டம்மா பாதி உரிமைக்காரங்க. நீங்க எழுதுறதைப் பாத்துட்டுத்தான் கையெழுத்துன்னு சொல்லிட்டாங்க.”

“பென்சில் கறை, தெரியாம பட்டிருக்கும்னு எழுதினா?”

“எழுதலாம்” என்றார் அப்பாஸ். என்னைப் பார்க்காமல் சொன்னார். “புத்தகமே அவங்க கொடுத்ததுதான். அழிச்சதெல்லாம் மெஷின்ல தெரியும்மான்னு முதல்லயே சொன்னேன். தெரியட்டும்னாங்க.”

இதுவரை வாழ்க்கையில் பல பொய் சொல்லியிருக்கிறேன், எல்லாவற்றுக்கும் பழக்கம் இருந்தது. இது உண்மை. பழக்கமே இல்லை. உங்களுக்கு முதலில் சொல்லிப் பார்க்கிறேன்.

1989. தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. நாங்கள் ஏழாவது கணவாயின் அடிவாரத்தில் நின்றோம். இரண்டு வருஷ ஆட்டம். செம்பனுக்கு ஒரே ஒரு குச்சி மிச்சம். வேலண்ணன் பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிற வேலை. சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் போனார். மூன்று ஞாயிறு ஆட்டம் நடக்கவில்லை. ஆட்டம் அவர் வீட்டு மாடியில்தான். மூன்றாவது ஞாயிறு மதியமும் எல்லோரும் வந்து, மாடியில் உட்கார்ந்து, வேலண்ணன் விதியைத் திட்டிவிட்டு சினிமாவுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் சாமான்களை எடுத்துவைப்பதாகச் சொல்லிப் பின்தங்கினேன்.

செம்பன் செத்துவிட்டால் மற்றவர்கள் மலை ஏறலாம். அவ்வளவுதான் என் யோசனை. அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஏழாவது கணவாய்க்கு நான் எழுதிவைத்திருந்த கதை அவ்வளவு நன்றாக இருந்தது; அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. பிஸ்கட் டப்பாவிலிருந்து வேலண்ணன் பெட்டியை எடுத்தேன். திறந்தேன். பத்தாவது குச்சியை உரசினேன். அணைத்து உள்ளே போட்டேன். கட்டத்தைக் கறுப்பாக்கினேன். படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது மேற்கே, ஆலைப் பக்கம், சத்தம் கேட்டது. கடைக் கண்ணாடிகள் அதிர்ந்தன. பெட்டிக்கடைக் கடிகாரத்தில் மூன்று இருபது.

நான் பகுத்தறிவுக்காரன். மாடியில் உரசி அணைத்த குச்சி நாலு கிலோமீட்டர் தள்ளி வேலண்ணன் மருந்து கலக்கிய கொட்டகையைப் பற்றவைக்காது. ஐம்பத்து நாலு வருஷமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் பற்றவைக்காது என்றுதான் விடை வருகிறது. திரும்பவும் போட்டுப் பார்க்கிறேன். அதற்கப்புறம் நான் ஆடவில்லை. எங்கள் வீட்டில் விளக்கேற்றுவதுகூட மருமகள்தான்.

மறுநாள் காலையில் அப்பாஸும் நானும் வேலண்ணன் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி சண்முகக்கனி அந்தக் காலத்தில் எங்கள் மேசையில் இருந்த ஒரே பெண். கொள்ளைக்காரி வேடம். இப்போது எழுபத்தைந்து வயது, மூட்டுவலி, கொள்ளைக்காரி பார்வை மட்டும் அப்படியே.

“வாங்க கொழுந்தனாரே. பதினஞ்சு நாளாச்சு வந்து. செத்துட்டீங்களோன்னு மாலைக்குச் சொல்லலாமான்னு பாத்தேன்.”

“சொல்லியிருந்தா வந்திருப்பேன் மதினி, மாலையை வாங்கிட்டுப் போக.”

“பாய் தம்பி, இவரு சொல்றதுல பாதியை எடுத்துக்கோங்க” என்றாள் அப்பாஸிடம். “உக்காருங்க. டீ போட்டாச்சு.”

மேசை அதே மேசை. கீழே இறக்கிப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அப்பாஸ் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று நான் எழுத, ஒன்று அவள் கையெழுத்திட. நான் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தேன். மூடினேன். திறந்தேன்.

“பேனா ஓடலையா?” என்றாள் மதினி.

“கறைன்னு எழுதலாம்னு இருக்கேன் மதினி. தெரியாம பட்ட பென்சில் கறை.”

“எழுதுங்க. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்.”

அவள் டீயை ஊதிக் குடித்தாள். அவசரமே இல்லாமல் குடித்தாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு ‘க’ போட வரவில்லை.

“நான்தான் உரசினேன்” என்றேன். “அன்னைக்கு. உங்க மாடியில. விதிப்படி இல்ல. ஆட்டம் நிக்குதேங்கிற எரிச்சல்.”

அப்பாஸ் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். நல்ல மனுஷன்.

மதினி எழுந்து பீரோவைத் திறந்தாள். அந்த பிஸ்கட் டப்பா. அதற்குள் ஒரே ஒரு தீப்பெட்டி. புலி மார்க். அதை மேசையில் என் பக்கம் நகர்த்தினாள்.

“திறங்க.”

“வராதவர் பெட்டி மதினி.”

“முன்ன திறந்த கைதானே.”

திறந்தேன். ஒன்பது கருகிய குச்சிகள். பத்தாவது நல்ல குச்சி, முழுசாக, தலையோடு இருந்தது. இந்தக் கையால் உரசியது. இந்தக் கண்ணால் பார்த்தது. மெஷினும் சொல்கிறது. பின்னே இது எங்கிருந்து வந்தது. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். எங்கள் ஊர்க்காரன் எவனும் அதைத்தான் செய்வான். ஒன்பதும் மரக்குச்சி. பத்தாவது மெழுகுக்குச்சி.

“மாத்தி வைக்க அடுப்படியில அதுதான் கிடந்துச்சு” என்றாள் மதினி. “பதினாறாம் நாள் டப்பாவைத் திறந்தேன். ஒம்பது குச்சி பழைய கறுப்பு, ஒண்ணு புதுக் கறுப்பு. தாளைப் பாத்தேன், உங்க கை. அன்னைக்கு மதியம் நான் சினிமாவுக்குப் போகல, கீழதான் இருந்தேன். எங்க வீட்ல அடுப்பு எரியல. குச்சி வாசம் மட்டும் மாடியிலருந்து இறங்கி வந்துச்சு. எனக்கு மூக்கு இல்லைன்னு நெனச்சீங்களா.”

“கறுப்பை அழிச்சதும்…”

“நான்தான். அவரு அங்க செத்தாரு. இங்கயும் ஏன் சாகணும்?”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மதினி. அம்பத்து நாலு வருஷம்.”

“நான் கேட்டுச் சொன்னா அது போலீஸ் ஸ்டேஷன். நீங்களாச் சொன்னா வேற.” டம்ளரைக் கீழே வைத்தாள். “இவ்வளவு நாள் ஆக்குவீங்கன்னு நெனக்கல. மெழுகுக்குச்சிகூடக் காத்துட்டுக் கிடந்துச்சு. பாய் தம்பி, அதைக் கொண்டாங்க. இவரு பதில் சொல்ல வேண்டிய ஆளு இன்னொருத்தரு இருக்காரு.”

அப்பாஸ் திரையை மேசை நடுவில் வைத்தார். சத்திரம். இருட்டு.

“யாரோ குச்சி உரசுன வாசம் அடிக்கு. யாருடே அது?”

“நான்தான் வேலண்ணே. தங்கமாரி.”

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. அப்பாஸ் முன்னால் குனிந்தார். நானூறு பேரில் யாருக்கும் அது இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லையாம்.

“ஞாயித்துக்கிழம ஆயிட்டா?”

“ஆயிட்டுண்ணே.”

“அப்பச் சொல்லு. நான் தூங்கையில என்ன நடந்துச்சு? ஒண்ணும் விடக் கூடாது.”

நான் மதினியைப் பார்த்தேன். நடந்தது என்றால் எல்லாம்தானே. குச்சி மட்டுமா நடந்தது.

“சொல்லுங்க” என்றாள். “அவரு எழுதின விதிதான். அனுபவிக்கட்டும்.”

சொன்னேன். கதைகாரனாக நான் சொன்னதிலேயே மோசமான கதை; அலங்காரம் ஒன்றும் கிடையாது. மூன்று ஞாயிறு, சினிமா, டப்பா, குச்சி, கட்டம், படி, தெரு. பெட்டிக்கடைக் கடிகாரம். பிறகு, “மூணு இருபதுக்கு நீங்க செத்துப் போயிட்டீங்கண்ணே” என்றேன்.

வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்கள். பிறகு அந்தக் குரல், வேலண்ணனுடையதே அல்லாத குரல், எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டது:

“சரிடே. இதுல எந்தப் பாதி பொய்?”

நான் வாயைத் திறந்தேன். மதினி முந்திக்கொண்டாள்.

“ரெண்டாவது பாதி” என்றாள். “எந்திரிங்க, மலை ஏறணும்.”

அப்பாஸ் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது என்று வேலண்ணன் கதைகாரனுக்கு மட்டும்தான் விதி எழுதியிருந்தார். கொள்ளைக்காரிக்கு எழுதவில்லை.